சூடான் போர்நிறுத்தம்: அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

2023 மே 20 அன்று சவுதி அரேபியாவின் ஜெத்தாவில் ஏழு நாள் போர்நிறுத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு பக்கம் ஜெனரல் அப்துல் ஃபத்தா அல் புர்ஹானின் சூடான் ராணுவம். மறுபக்கம் ‘ஹெமெத்தி’ என்று எல்லாரும் அழைக்கும் முகமது ஹம்தான் தகலோவின் விரைவு ஆதரவுப் படை, சுருக்கமாக ஆர்.எஸ்.எஃப். கையெழுத்தாகி 48 மணி நேரம் கழித்து, மே 22 இரவு 9.45 மணிக்குத் துப்பாக்கிகள் ஓய வேண்டும் என்று நிமிடக் கணக்காக எழுதியிருந்தார்கள். அந்த இரவும் தலைநகர் கார்ட்டூமில் குண்டுச் சத்தம் ஓயவில்லை. மே 29 அன்று ஐந்து நாள் நீட்டித்தார்கள். மே 31 அன்று ராணுவம் பேச்சுவார்த்தையிலிருந்து எழுந்துவிட்டது.

சூடான் பற்றிய செய்திகளில் “போர்நிறுத்தம் மீறப்பட்டது” என்ற வரியை அதற்குப் பிறகு எத்தனையோ முறை படித்துவிட்டோம். படிக்கிறவர்களுக்கு அது ஏதோ இயற்கைச் சீற்றம் போலத் தோன்றிவிடுகிறது. அப்படி இல்லை. ஒரு போர்நிறுத்தம் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு அதன் காகிதத்திலேயே பாதிப் பதில் இருக்கும். மீதிப் பதில், அந்தக் காகிதத்தை ஏந்தி வந்தவர்கள் யார் என்பதில் இருக்கும்.

ஜெத்தா காகிதத்தில் நேரம் துல்லியமாக இருந்தது. யார் பார்ப்பது என்பதுதான் பலவீனமாக இருந்தது. கண்காணிக்க ஒரு குழு அமைத்தார்கள். அமெரிக்கா, சவுதி, இரண்டு படைகள் என நான்கு தரப்பிலிருந்தும் மூவர். ஆனால் அந்தக் குழு உட்கார்ந்தது ஜெத்தாவில், செங்கடலுக்கு அந்தக் கரையில். கார்ட்டூமின் தெருவில் நடுநிலையாளர் ஒருவர்கூட நிற்கவில்லை. அங்கே போர் நடந்ததோ வீட்டுக்கு வீடு. ஆர்.எஸ்.எஃப். வீரர்கள் குடியிருப்புகளிலும் மருத்துவமனைகளிலும் இருந்தார்கள், ராணுவம் தன் முகாம்களிலிருந்தும் வானிலிருந்தும் அடித்தது. இரண்டு தரப்பும் ஏற்கும் ஒரு கோடு தரையில் இல்லாதபோது, ஒரு சண்டையில் யார் முன்னேறினார்கள், யார் தற்காத்துக்கொண்டார்கள் என்று எதை வைத்துத் தீர்ப்பது? ஒவ்வொரு மீறலுக்கும் இரண்டு அறிக்கைகள் வந்தன. இரண்டையும் சரிபார்க்க ஆளில்லை. ஜூன் 1 அன்று அமெரிக்கா இரு தரப்புடனும் தொடர்புடைய நான்கு நிறுவனங்கள் மீது தடை விதித்தது. அதோடு அந்தச் சுற்று முடிந்தது.

இதற்கும் முன்பே, மே 11 அன்று, இதே ஜெத்தாவில் பொதுமக்களைப் பாதுகாக்கும் உறுதிமொழி ஒன்று கையெழுத்தாகியிருந்தது. மருத்துவமனை, மின் நிலையம், நீர் நிலையங்களை விட்டு வெளியேறுவது, காயம்பட்டவர்களை எடுத்துச்செல்ல வழிவிடுவது, நிவாரணத்தைத் தடுக்காமலிருப்பது என்று நல்ல நல்ல வரிகள். கூடவே, இந்த உறுதிமொழி இரு தரப்பின் சட்ட, பாதுகாப்பு, அரசியல் தகுதியை எவ்விதத்திலும் பாதிக்காது என்றும் ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள்தான் முழுப் போரும் ஒளிந்திருக்கிறது.

2019இல் அதிபர் ஒமர் அல் பஷீர் வீழ்ந்தபின் புர்ஹானும் ஹெமெத்தியும் சேர்ந்தே இருந்தார்கள். 2021 அக்டோபர் 25 ராணுவப் புரட்சியையும் சேர்ந்தே நடத்தினார்கள். 2022 டிசம்பர் 5இல் ஆட்சியைக் குடிமக்களிடம் ஒப்படைப்பதற்கான சட்டக உடன்படிக்கை வந்தது. அதில் ஆர்.எஸ்.எஃப். ராணுவத்தோடு இணைய வேண்டும் என்று இருந்தது. எத்தனை ஆண்டில்? ராணுவம் இரண்டு என்றது. ஆர்.எஸ்.எஃப். பத்து என்றது. இணையும் காலத்தில் யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதிலும் ஒத்துவரவில்லை. 2023 ஏப்ரல் 15 காலையில் கார்ட்டூமில் சுடத் தொடங்கினார்கள். அதனால்தான் “ஆர்.எஸ்.எஃப். இந்தக் கட்டடத்தைவிட்டு விலக வேண்டும்” என்று எந்த மத்தியஸ்தர் எழுதினாலும், எங்கே விலகுவது, யாராக விலகுவது, ஓர் அரசுப் படையாகவா கலகக்காரராகவா என்று அந்தப் பழைய கேள்வியே திரும்ப வந்து நிற்கிறது.

அழைப்பிதழில்கூட இந்தச் சிக்கல் உண்டு. 2024 ஆகஸ்ட் 14 முதல் ஜெனீவா அருகே அமெரிக்கா பேச்சுவார்த்தை ஏற்பாடு செய்தது. அழைப்பு ‘சூடான் ராணுவத்துக்கு’ப் போனது. ‘சூடான் அரசு’ என்று அழைத்தால்தான் வருவோம் என்று ராணுவத்தின் அரசு அப்போது இயங்கிய துறைமுக நகரம் போர்ட் சூடானிலிருந்து பதில் வந்தது. ராணுவம் கடைசிவரை வரவில்லை. ஆர்.எஸ்.எஃப். தூதுக்குழு ஜெனீவாவில் இருந்தது, எதிர் நாற்காலி காலியாகவே கிடந்தது. பெயர்ப் பலகைக்காக இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ‘அரசு’ என்ற பெயரோடு உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் கலகக்காரர் ஆகிறார், ‘ராணுவம்’ என்று உட்கார்ந்தால் இரண்டு சம தரப்புகள் ஆகின்றன. தேர்ந்த மத்தியஸ்தர்கள் இதை முதல் நாளுக்கு முன்பே தீர்க்கப் பார்ப்பார்கள். தனித்தனி அறைகளில் வைத்து இடையில் தூதர் நடந்து பேசுவது ஒரு வழி. ஐ.நா. தூதர் ரம்தான் லமாம்ரா 2024 ஜூலையில் ஜெனீவாவில் செய்தது அதைத்தான். அந்த முறையில் எதிர்த் தரப்பின் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். மத்தியஸ்தருக்கு மட்டும் எழுதிக்கொடுத்த உறுதிமொழியும் கணக்கில் சேரும்.

சரி, நிலைத்த போர்நிறுத்தம் சூடானில் இருந்திருக்கிறதா? இருந்திருக்கிறது, அதைத்தான் யாரும் நினைவுபடுத்துவதில்லை. 2002 ஜனவரி 19 அன்று சுவிட்சர்லாந்தின் பூர்கன்ஸ்டாக்கில், நாட்டின் நடுவிலுள்ள கோர்டோஃபானின் நூபா மலைப் பகுதிக்கு மட்டும் ஒரு போர்நிறுத்தம் கையெழுத்தானது. அப்போதைய சூடான் அரசுக்கும், அதை எதிர்த்துப் போராடிய கிளர்ச்சி இயக்கமான எஸ்.பி.எல்.எம்.மின் நூபா பிரிவுக்கும் இடையே. ஆறு மாதத் தவணையில் புதுப்பித்துக்கொண்டே போய், 2005 ஜனவரி 9இன் முழு அமைதி உடன்படிக்கை வரும்வரை அது தாக்குப்பிடித்தது. ஆயுதம் ஏந்தாத சர்வதேசக் கண்காணிப்பாளர்கள் மலையிலேயே தங்கினார்கள். நார்வே நாட்டுப் பிரிகேடியர் ஒருவர் தலைமை. கூட்டு ராணுவ ஆணையம் என்று பெயர். புகார் வந்தால் வெளிநாட்டவரோடு இரு தரப்பு அதிகாரிகளும் சேர்ந்தே போய் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் பார்த்தார்கள். நடந்தது என்ன என்பதில் ஒரே அறிக்கை வந்தது. சில்லறைத் தகராறுகளை அந்தந்த இடத்திலேயே முடித்தார்கள், தலைநகருக்குப் போய் அரசியலாக ஊத விடவில்லை. பரப்பு வரையறுக்கப்பட்டிருந்தது. கட்டளைச் சங்கிலி இரண்டு பக்கமும் தெளிவாக இருந்தது.

அதே 2002இல், பிப்ரவரி 22 அன்று, இலங்கையிலும் நார்வே அனுசரணையில் ஒரு போர்நிறுத்த ஒப்பந்தம் வந்ததைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க முடியாது. அங்கேயும் ஆயுதமற்ற நோர்டிக் கண்காணிப்பாளர்கள், அங்கேயும் புகார்ப் பதிவு. மீறல் என்று தீர்ப்பு எழுதும் அதிகாரம் அவர்களுக்கு இருந்தது. எழுதியபின் என்ன ஆகும் என்பதற்குப் பதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் புலிகளைத் தடைசெய்ததும் ஒன்றிய நாட்டவர் வெளியேற வேண்டிவந்தது, குழு பாதியாய்ச் சுருங்கியது. கண்காணிப்பாளரை அனுப்பும் நாடு வேறொரு மேசையில் எடுக்கும் முடிவுகூடக் கண்காணிப்பைக் குலைத்துவிடும். சூடானுக்கு யார் கண்காணிப்பாளர் என்று யோசிக்கிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

நூபா முறையை இன்றைய சூடானில் அப்படியே வைக்க முடியாது. அன்று சுடுகிறவர்கள் இரண்டே தரப்பு. இன்று ராணுவத்தோடு மின்னி மினாவி, ஜிப்ரீல் இப்ராஹிம் ஆகியோரின், மேற்கு மாகாணமான தார்ஃபூரைச் சேர்ந்த இயக்கங்களின் கூட்டுப் படை போரிடுகிறது, இஸ்லாமியவாதிகளின் அல் பரா இப்னு மாலிக் படையணி போரிடுகிறது. தளபதி அபு அக்லா கைகல் 2024 அக்டோபரில் ஆர்.எஸ்.எஃப். பக்கமிருந்து தன் ஆட்களோடு ராணுவத்தின் பக்கம் தாவினார். மறுபக்கம் 2025 பிப்ரவரியில் அப்துல் அசீஸ் அல் ஹிலுவின் எஸ்.பி.எல்.எம். வடக்குப் பிரிவு ஆர்.எஸ்.எஃப்.போடு கைகோத்தது. அது போக, சம்பளப் பட்டியலில் இல்லாத, கொள்ளையைக் கூலியாக எண்ணும் இனக்குழுப் போராளிகள். இரண்டு தளபதிகள் கையெழுத்திட்டால் இத்தனை பேரும் நிற்பார்களா? ஒவ்வொரு குழுவின் பெயரையும், அதற்குப் பொறுப்பேற்கும் தரப்பையும் இணைப்புப் பட்டியலாக எழுதாவிட்டால், “அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை” என்ற வாசல் திறந்தே இருக்கும்.

இன்னொரு நுணுக்கம், ஆயுதங்களின் தன்மை. ஆர்.எஸ்.எஃப். வேகமான லேண்ட் குரூசர் வண்டிகளில் நகர்ந்து வளரும் படை, ஓடுவதே அதன் பலம். ராணுவத்துக்கு விமானப்படை பலம். “எல்லாரும் நின்ற இடத்தில் நில்லுங்கள்” என்றால் முதலாமவருக்கு நட்டம், “விமானம் பறக்கக்கூடாது” என்றால் இரண்டாமவருக்கு நட்டம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி, ஒரே மணிக்கு நடைமுறைப்படுத்த வேண்டும். இப்போது ட்ரோன்கள் இரு பக்கமும் வந்துவிட்டன. 2025 மே மாதம் போர்ட் சூடானையே நாள்கணக்கில் ட்ரோன்கள் அடித்தன. முன்வரிசைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பின்னாலிருந்து ஏவுகிற ஆயுதத்துக்கு முன்வரிசைக் கண்காணிப்பாளர் எதற்கு உதவுவார்? ஏவுதளமும் விமான நிலையமும் காகிதத்தில் பெயரோடு வர வேண்டும். உளவுக்குப் பறக்கும் ட்ரோன் மீறலா இல்லையா என்றும் வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் முதல் வாரத்திலேயே சண்டை அதில்தான் தொடங்கும்.

அரசியல் மேசையை இத்தோடு விடுகிறேன். மக்கள் உயிரைப் பிடித்துவைத்திருக்கும் ராஜதந்திரம் வேறொன்று உண்டு: லாரிகளின் ராஜதந்திரம். இதைப் பற்றித் தமிழில் அநேகமாக யாரும் எழுதுவதில்லை.

சாட் நாட்டின் அத்ரே என்ற எல்லை ஊரிலிருந்து மேற்கு தார்ஃபூரின் எல் ஜெனீனா மிக அருகில். அந்தப் பக்கம் எல்லையைப் பிடித்து வைத்திருப்பது ஆர்.எஸ்.எஃப். ஆனால் ஐ.நா. அங்கீகரிப்பது போர்ட் சூடானில் இயங்கிய அரசை. ஆகவே தன் கையில் இல்லாத ஒரு எல்லையைத் திறக்கவும் மூடவும் அந்த அரசின் சம்மதம் வேண்டும். 2024 பிப்ரவரியில் அது சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. ஆயுதம் வருகிறது என்பது காரணம். தினே என்ற வேறொரு எல்லை ஊர் வழியாக வரலாம் என்று மாற்று வழி சொன்னார்கள். மழைக்காலத்தில் தினே பாதை சேறு. ஓடைகள் நிரம்பினால் லாரிகள் நாள்கணக்கில் நின்றுவிடும். 2024 ஆகஸ்ட் 1 அன்று வடக்கு தார்ஃபூரின் எல் ஃபாஷர் நகருக்கு அருகே, இடம்பெயர்ந்தோரின் ஜம்ஜம் முகாமில் பஞ்சம் என்று நிபுணர் குழு அறிவித்தது. ஆகஸ்ட் 15 அன்று, ஜெனீவாப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, அத்ரேயை மூன்று மாதத்துக்குத் திறப்பதாக அறிவிப்பு வந்தது. அந்தப் பேச்சுவார்த்தை தோற்றது என்று எழுதுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. வராத தரப்போடு தொலைபேசியில் பேசிப் பெற்ற ஒரு எல்லைக் கதவு, கையெழுத்தான பல காகிதங்களைவிட அதிகம் சோறு போட்டது.

ஆனால் மூன்று மாதம் என்பதில் ஒரு கோளாறு. சாட் நாட்டுக்குக் கடல் கிடையாது. உணவு கேமரூனின் துவாலா துறைமுகத்தில் இறங்கி, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தரைவழியே வந்துதான் அத்ரேயைத் தொட வேண்டும். கொள்முதல், கப்பல், துறைமுகம், லாரி என்று கணக்கிட்டால் மூன்று மாதம் போதாது. அனுமதி முடிகிற தேதியில் சரக்கு நடுவழியில் இருக்கும். அடுத்த தவணை கிடைக்குமா என்று தெரியாமல் யார் கப்பலை வாடகைக்கு எடுப்பார்கள்? பின்னர் தவணை தவணையாக நீட்டித்தார்கள் என்றாலும், ஒவ்வொரு நீட்டிப்பும் கடைசி நேரத்தில் கெஞ்சி வாங்கியது. அனுமதியின் நீளம் சரக்குப் பயணத்தைவிட நீளமாக இருக்க வேண்டும் என்பதை மத்தியஸ்தர்கள் பேச்சின் முதல் நாளிலேயே வைக்க வேண்டும்.

அளவுகளைக் கையோடு கணக்கிட்டுப் பார்ப்போம். நெருக்கடியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி என்பது திட்டமிடும் அளவு. தானியம், பருப்பு, எண்ணெய், உப்பு சேர்த்து ஏறத்தாழ அரை கிலோ. மாதத்துக்கு 15 கிலோ. 30 டன் லாரி ஒன்று 2,000 பேரை ஒரு மாதம் தாங்கும். ஒரு லட்சம் பேர் முற்றுகையில் இருந்தால் மாதம் 50 லாரி, வேறு எதுவுமே ஏற்றாமல். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைக்குத் தரும் நிலக்கடலைப் பசை ஒரு பொட்டலம் 92 கிராம், 500 கிலோகலோரி. ஒரு அட்டைப்பெட்டியில் 150 பொட்டலம். ஒரு குழந்தையை மீட்க ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டி வாராவாரம் பிரிந்து போய்ச் சேர வேண்டும். நடுவில் இரண்டு வாரம் பாதை மூடினால் குழந்தை முதல் நிலைக்கே திரும்பிவிடும். ஆகவே “10 லாரிகள் நுழைந்தன” என்ற செய்தியைப் பார்த்தால், எத்தனை பேருக்கு, எத்தனை நாளுக்கு என்று வகுத்துப் பாருங்கள்.

எல்லை கடந்து வருவது ஒரு பாதி. போர்முனை கடந்து போவது அதைவிடக் கடினமான மறுபாதி. ராணுவப் பகுதியில் அரசின் மனிதாபிமான உதவி ஆணையத்தின் பயண அனுமதி. ஆர்.எஸ்.எஃப். பகுதியில் அவர்கள் உருவாக்கிய நிவாரண முகமையின் அனுமதி. ஆட்கள் பட்டியல், வண்டிப் பட்டியல், சரக்குப் பட்டியல் எல்லாம் இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தர வேண்டும். ஓர் ஓட்டுநர் நோயில் விழுந்து ஆள் மாறினாலே ஒரு சோதனைச் சாவடியில் எல்லாம் நிற்கும். 2025 ஜூன் 2 அன்று போர்ட் சூடானிலிருந்து 1,800 கிலோமீட்டர் வந்த 15 லாரிகள், எல் ஃபாஷரை நெருங்கும் வேளையில் அல் கூமாவில் தாக்கப்பட்டன. ஐந்து பேர் இறந்தார்கள். பாதை விவரம் இரு தரப்புக்கும் முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தது. தாக்கியது எதிர்த் தரப்புதான் என்று இரு தரப்பும் மாறி மாறிச் சொல்லின.

எல் ஃபாஷர் பற்றிப் பேசாமல் இதை எழுத முடியாது. 2024 ஜூன் 13 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 2736ஆம் தீர்மானத்தில், முற்றுகையை நிறுத்து என்று ஆர்.எஸ்.எஃப்.பைக் கேட்டது. 14 நாடுகள் ஆதரவு, ரஷ்யா மட்டும் வாக்களிக்கவில்லை. அதற்குப் பிறகு பதினாறு மாதம் அந்த நகரம் முற்றுகைக்குள்ளேயே இருந்தது. சுற்றிலும் மண் அணை எழும்பியதைச் செயற்கைக்கோள் படங்களில் உலகமே பார்த்தது. உள்ளே மக்கள் கடலைப் பிண்ணாக்கைத் தின்றார்கள். மாடுகளுக்குப் போடும் ‘அம்பாஸ்’. 2025 ஜூன் இறுதியில் ஒரு வார இடைநிறுத்தம் வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலர் கேட்டார். புர்ஹான் சம்மதித்தார், ஆர்.எஸ்.எஃப். சம்மதிக்கவில்லை. அக்டோபர் 26 அன்று நகரம் விழுந்தது. பின்னர் நடந்த கொலைகளின் தடயமும் செயற்கைக்கோளில் தெரிந்தது. தீர்மானத்தில் ‘கோருகிறது’ என்ற சொல் இருந்தது. கோரியது நடக்காவிட்டால் என்ன என்ற வரி இல்லை. தார்ஃபூருக்கான ஆயுதத் தடை 2004இலிருந்தே நடைமுறையில் இருக்கிறது, ஆனால் தார்ஃபூருக்கு மட்டும். கார்ட்டூமுக்கோ கோர்டோஃபானுக்கோ போகும் ஆயுதத்துக்கு அது பொருந்தாது. 2024 நவம்பர் 18 அன்று பிரிட்டனும் சியரா லியோனும் கொண்டுவந்த போர்நிறுத்தத் தீர்மானத்தை ரஷ்யா தன் தடுப்பதிகாரத்தால் வீழ்த்தியது.

தரவும் ஒரு போர்க்களம். பஞ்சம் என்று அறிவிக்க மூன்று அளவுகோல்கள்: ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவே இல்லாத நிலை, 30 விழுக்காடு குழந்தைகளுக்குக் கடும் ஊட்டக்குறைவு, பத்தாயிரம் பேரில் நாளுக்கு இரண்டு பசிச்சாவு. அளக்க ஆள் போக வேண்டும், ஆள் போக அனுமதி வேண்டும். 2024 டிசம்பரில் பஞ்சம் ஐந்து இடங்களுக்குப் பரவியதாக அறிக்கை வரும் தறுவாயில், சூடான் அரசு அந்த அளவீட்டு முறையிலிருந்தே விலகிக்கொண்டது. 2025இன் நிவாரணத் திட்டம் 420 கோடி டாலர் கேட்டது, பாதிகூட நிறையவில்லை.

இப்போது அந்தக் காகிதத்தை ஏந்தி வருகிறவர்கள் பற்றி. அமெரிக்கா, சவுதி, எகிப்து, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நால்வர் 2025 செப்டம்பர் 12 அன்று ஒரு திட்டம் வெளியிட்டார்கள். மூன்று மாத மனிதாபிமான இடைநிறுத்தம், பிறகு நிரந்தரப் போர்நிறுத்தம், ஒன்பது மாதத்தில் குடிமக்கள் ஆட்சிக்கு மாறும் நடைமுறை. திட்டம் மோசமில்லை. ஆனால் எகிப்து ராணுவத்தின் நண்பன். அமீரகம் ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஆயுதம் தருகிறது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்று ஐ.நா. வல்லுநர் குழு 2024 தொடக்கத்தில் எழுதியது, அமீரகம் அதை மறுக்கிறது. 2025 ஏப்ரலில் லண்டனில் நடந்த மாநாட்டில் அரபு நாடுகளுக்குள்ளேயே வாசகத்தில் ஒத்துவராததால் கூட்டறிக்கைகூட வரவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களே ஆட்டக்காரர்களாக இருந்தால் மத்தியஸ்தம் முடியாது என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. குழாயைத் திருகி மூடக்கூடியவர்கள் அவர்கள்தான், வேறு யாரை அழைப்பது? ஆனால் அவர்கள் மத்தியஸ்தராக மட்டும் கையெழுத்திடக் கூடாது. தங்கள் விமான நிலையங்களிலிருந்தும் துறைமுகங்களிலிருந்தும் என்ன போகிறது என்பதற்குப் பொறுப்பேற்கும் தரப்பாகவும் கையெழுத்திட வேண்டும். காகிதத்தில் அந்தக் கையெழுத்துக்கான இடம் காலியாகவே இருக்கிறது.

எல் ஃபாஷரைப் பிடித்தபின், 2025 நவம்பர் 6 அன்று, ஆர்.எஸ்.எஃப். இடைநிறுத்தத்துக்குச் சம்மதம் என்றது. பிடிக்க வேண்டியதைப் பிடித்த பிறகு வரும் சம்மதத்தின் பொருள் எல்லாருக்கும் தெரியும். ராணுவம் ஏற்கவில்லை. ஆர்.எஸ்.எஃப். நகரங்களைவிட்டு விலகினால்தான் ஏற்போம் என்றது. சண்டை கோர்டோஃபானுக்கு நகர்ந்தது. அங்கேதான் டிசம்பரில் ஒரு விசித்திரம் நடந்தது. ஹெக்லிக் எண்ணெய் வயலை ஆர்.எஸ்.எஃப். பிடித்தது. தென் சூடானின் எண்ணெயில் ஒரு பகுதியும் அந்த வழியாகத்தான் குழாயில் போர்ட் சூடான் போகிறது. எண்ணெய் நின்றால் மூவருக்கும் வருமானம் போகும். சில நாள்களுக்குள், மூன்று தரப்பும் ஒப்புக்கொண்டதாகவும் தன் ராணுவமே வயலைக் காக்கும் என்றும் தென் சூடான் அறிவித்தது. எல்லை குறித்த பரப்பு, மூன்றாம் தரப்புக் காவல், இரு பக்கமும் ஏற்ற ஏற்பாடு. நூபா மலையில் வேலை செய்த அத்தனை உறுப்பும் எண்ணெய்க் கிணற்றுக்குக் கிடைத்தன. அருகிலேயே முற்றுகையில் இருந்த கடுக்லி மக்களுக்குக் கிடைக்கவில்லை. முடியாது என்று சொன்னதெல்லாம் முடியும் என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம். இந்த முன்மாதிரியைக் காட்டித்தான் அடுத்த பேச்சுவார்த்தையைத் தொடங்க வேண்டும்.

எங்கிருந்து? முழு நாட்டுக்குமான போர்நிறுத்தத்துக்குக் காத்திராமல், பெயர் சொல்லி ஊர் ஊராக. கடுக்லி, டில்லிங், எல் ஒபைத், தவிலா. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாலை, அந்தச் சாலைக்கு ஒரு பொறுப்பதிகாரி, இரு பக்கமும் ஒரே வானொலி அலைவரிசை, லாரி நகரும் நாளில் ட்ரோனுக்கு முழுத் தடை. அனுமதியை ஆறு மாதத்துக்குக் கேளுங்கள். 72 மணி நேரத்தில் மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று கொள்ளும் விதியை எழுதுங்கள். சூடான் அதிகாரிகள் ‘இல்லை’ என்று அரிதாகவே சொல்வார்கள், பதில் சொல்லாமல் விடுவார்கள். அந்த மௌனத்தைக் காகிதத்தால் அடைக்க வேண்டும்.

பொருள் போக முடியாத ஊருக்குப் பணம் போகலாம். அவசர உதவி அறைகள் என்று அழைக்கப்படும் அக்கம்பக்கத்து இளைஞர் குழுக்கள்தான் ‘தகாயா’ என்னும் பொதுச் சமையற்கூடங்களை நடத்துகின்றன. ‘பங்கக்’ என்ற வங்கிச் செயலியில் காசு வரும், சந்தையில் சோளமும் பருப்பும் வாங்குவார்கள், பெரிய அண்டாவில் கஞ்சி கொதிக்கும். 2025 ஜனவரியில் அமெரிக்க உதவி நின்றபோது இந்தச் சமையற்கூடங்களில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் மூடின. இரு தரப்பு உளவுத்துறையும் இந்தத் தொண்டர்களைப் பிடித்துப்போகிறது, எதிரிக்கு உதவினாய் என்று. ஜெத்தா உறுதிமொழியில் நிவாரணப் பணியாளர் பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் பதிவோ அடையாள அட்டையோ இல்லாத இந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. ஒரே ஒரு வரி. அடுத்த காகிதத்தில் அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதற்கு எந்த மத்தியஸ்தருக்கும் செலவு கிடையாது.

தேதியும் முக்கியம். தார்ஃபூரிலும் கோர்டோஃபானிலும் ஜூனில் மழை பிடிக்கும். சோளமும் கம்பும் விதைப்பது ஜூன், ஜூலையில். அறுவடை அக்டோபருக்குப் பிறகு. மூன்று மாத இடைநிறுத்தம் ஜனவரியில் தொடங்கினால் லாரிக்குச் சாலை காய்ந்திருக்கும், களஞ்சியத்தை நிரப்பலாம். மே மாதத்தில் தொடங்கினால் விவசாயி வயலுக்குப் போகலாம், ஆனால் லாரிகள் ஓடையில் நிற்கும். ஆகஸ்டில் தொடங்கினால் இரண்டும் இல்லை. ஜெத்தாவில் நிமிடம்வரை நேரம் குறித்தவர்கள், மாதத்தையும் மழையைப் பார்த்துக் குறிக்க வேண்டும்.